வாசலுக்கு வரும் கருத்துக்கணிப்பாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: மன்னார்குடி அருகிலுள்ள எங்கள் ஊருக்கு இரு இளைஞர்கள் வந்து, யாருக்கு வாக்களிப்பேன் என்று கேட்டுக் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டனர். அடுத்த வீட்டில் கேட்கவில்லை. இதை நம்பலாமா?

பதில்: அடுத்த வீட்டில் கேட்காததைக் குறையாக எண்ண வேண்டாம். முறையான கணிப்புகளில், வாக்காளர் பட்டியலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களை எடுத்து, அவர்களை மட்டுமே சந்திப்பதுண்டு. ஆகவே, உங்கள் பெயரைச் சொல்லி வந்தார்களா, கண்ணில் பட்டவரிடம் கேட்டார்களா என்பதையே முதலில் நினைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கையைவிடத் தேர்வு முறையே முக்கியம். அமெரிக்காவில் 1936-இல் ஒரு வார இதழ் 20 லட்சத்துக்கும் அதிகமான விடைகளைத் திரட்டியும், அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று தவறாகக் கணித்தது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதும், விடையனுப்ப முன்வந்தவர்களை மட்டுமே எண்ணியதும் அதற்குக் காரணங்கள். குலுக்கல் போலச் சமவாய்ப்பில் தேர்ந்த 1,000 பேர் இருந்தால், வாக்கு விழுக்காட்டை ஏறத்தாழ 3 புள்ளி முன்பின்னாகக் கணிக்க இயலும்.

நம் டெல்டாவில் இந்தத் தேர்வு எளிதன்று. பங்குனி மாதத்துப் பகலில் வந்தால், உளுந்து அறுவடைக்கும் நூறு நாள் வேலைக்கும் சென்ற பெண்களைக் காண முடியாது. நாகை கடலோரத்தில் படகேறியவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். கடைத்தெருவில் நின்று கேட்டால் ஆண்களின் கருத்தே மிகும்; சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்துள்ள ஊரில் ஒரு தெருவோடு திரும்பினால் ஊரில் பாதி விடுபடும். பட்டியலில் உள்ளவர் இல்லையெனில் பக்கத்து வீட்டாரைக் கேட்டு நிரப்பாமல், மாலையில் மறுபடியும் வந்து கதவைத் தட்டும் களப்பணியாளரே என் மதிப்புக்குரியவர்.

அடையாள அட்டையைப் பார்த்து, எந்த நிறுவனம், யார் செலவில் நடத்துகிறது என்று கேளுங்கள். உண்மையில் பேட்டி நடந்ததா என்று மேற்பார்வையாளர் சரிபார்க்கவே பெரும்பாலும் கைப்பேசி எண் வாங்கப்படுகிறது, விருப்பமில்லையெனில் மறுக்கலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி எதுவும் கணிப்புக்குத் தேவையில்லை. தேர்தலுக்குப் பின் நலத்திட்டம் தருவதாகக் கூறிப் பெயர் பதிவு செய்தால் அது கணிப்பே அன்று. 2024 மே மாதத்தில் தேர்தல் ஆணையம் அத்தகைய பதிவுகளை நிறுத்துமாறு கட்சிகளுக்கு அறிவுறுத்தியது.

வாக்கு பற்றிய கேள்வியை மட்டும் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் கேட்க விடாதீர்கள். மாதிரி வாக்குச்சீட்டைத் தந்து, குறித்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்லும் வழக்கமும் உண்டு; அவ்வாறு செய்ய இயலுமா என்று நீங்களே கேட்கலாம்.