கலிஃபோர்னியாவில் செமி ஆட்டோ ரைஃபிளும் ஷாட்கன்னும்: எது செல்லும், எது உள்ளே தள்ளும்?

கலிஃபோர்னியாவின் துப்பாக்கிச் சட்டத்தில் செமி ஆட்டோ ரைஃபிள், ஷாட்கன் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. சாக்ரமென்டோ பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் பல வருஷம் கவுன்டரில் நின்றவன், குளிர்காலத்தில் வாத்து வேட்டைக்குப் போகிறவன், அவ்வளவுதான் என் தகுதி. வக்கீல் இல்லை. கேஸ் என்று வந்துவிட்டால் வக்கீலிடம் ஓடுங்கள், வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் கீழே படியுங்கள்.

கேள்வி (ஃபிரீமான்ட்): அண்ணா, செமி ஆட்டோ என்றாலே இங்கே தடை என்கிறான் என் ரூம்மேட். உண்மையா?

இல்லை தம்பி. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும், அதற்குப் பெயர்தான் செமி ஆட்டோ. அது மட்டும் குற்றம் இல்லை. மாநிலம் தடுப்பது "அசால்ட் வெப்பன்" என்று சட்டம் பெயர் சூட்டியிருக்கும் துப்பாக்கிகளை. தண்டனைச் சட்டம் 30515ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

செமி ஆட்டோ சென்டர்ஃபயர் ரைஃபிள் (தோட்டாவின் அடிப்பாகத்து நடுவில் ஊசி அடித்து வெடிக்கும் வகை) மூன்று வழியில் அதில் மாட்டும். ஒன்று, மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் கூடு, நிரந்தரமாகப் பொருத்தப்படாமல், கூடவே இந்த ஆறில் ஏதாவது ஒன்று இருந்தால்: கீழே துருத்திக்கொண்டிருக்கும் பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கியில் இருப்பது போன்ற கைப்பிடி), கட்டைவிரல் நுழையும் ஓட்டை வைத்த ஸ்டாக் (தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை), மடங்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் ஸ்டாக், முன்பக்கம் இன்னொரு பிஸ்டல் கிரிப், குழல் நுனியில் தீச்சுவாலையை அடக்கும் ஃபிளாஷ் சப்ரஸர், கிரெனேட் அல்லது ஃபிளேர் லாஞ்சர். ஒன்று போதும், ஆறும் வேண்டாம். இரண்டாவது, மேகசின் நிரந்தரமாக இருந்தாலும் அதில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளுமானால். மூன்றாவது, மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தால், அதுவும் ஸ்டாக்கை மடக்கிச் சுருக்கி வைத்துத்தான் அளப்பார்கள்.

இவை போக, மாடல் பெயர் சொல்லியே தடுத்த பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள துப்பாக்கியிலிருந்து கிரிப்பைக் கழற்றினாலும் சரி, கட்டையை மாற்றினாலும் சரி, அது அசால்ட் வெப்பன்தான். அதனால் முதலில் பெயரைப் பாருங்கள், பெயர் பட்டியலில் இல்லையென்றால் உறுப்புகளைப் பாருங்கள். கடைக்காரர் சொன்னார், பெட்டியில் போட்டிருந்தது என்பதெல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

கேள்வி (சான் ஹோசே): மரக்கட்டை போட்டால் செல்லும், கறுப்பு பிளாஸ்டிக் போட்டால் குற்றம். இது என்ன சட்டம் சார்?

நிறத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் கேட்கவருவது புரிகிறது. ரூகர் மினி-14 எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கட்டை போட்ட சாதாரண ராஞ்ச் மாடல் இங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கும். அதே மினி-14க்கு மடக்கும் ஸ்டாக் போட்டுவிட்டால் அசால்ட் வெப்பன். உள்ளே போகும் தோட்டா அதே .223தான், சுடும் வேகமும் அதேதான். ஸ்ப்ரிங்ஃபீல்டின் எம்1ஏவும் அப்படித்தான், மற்ற மாநிலங்களில் ஃபிளாஷ் சப்ரஸரோடு வரும், நமக்கு மசில் பிரேக் (சுடும்போது பின்னால் உதைப்பதைக் குறைக்கும் நுனிக் கருவி) போட்டு அனுப்புவார்கள். எஸ்கேஎஸ் ரைஃபிளில் 10 தோட்டா நிலையான மேகசின் என்றால் பிரச்சினை இல்லை, கழற்றும் மேகசின் வைத்த எஸ்கேஎஸ் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கிறது.

என்னைக் கேட்டால், மேகசினில் 10க்கு மேல் கூடாது என்பதற்காவது ஒரு கணக்கு இருக்கிறது, தோட்டா தீர்ந்தால் சுடுகிறவன் நிறுத்தித்தானே ஆகவேண்டும். கிரிப் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்ப்பதால் யார் உயிர் பிழைக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குலுங்காமல் பிடித்துக்கொண்டு சடசடவென்று சுட இந்த உறுப்புகள் உதவுகின்றன என்பது அரசு தரப்பு வாதம். நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, சட்டம் அதுதான்.

கேள்வி (எல்க் குரோவ்): ஏ.ஆர். 15 ரைஃபிள் மாதிரி ஒன்றைக் கடையில் பார்த்தேன், கைப்பிடியில் மீன் துடுப்பு போல ஒரு தகடு. அது எதற்கு?

அதுதான் "ஃபின் கிரிப்". எது பிஸ்டல் கிரிப் என்பதற்கு விதிமுறையில் ஒரு வரையறை இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வுப் பகுதி, சுடும்போது விசையின் வெளியே தெரியும் பாகத்தின் மேல்நுனிக்குக் கீழே இறங்க முடியுமானால் அது பிஸ்டல் கிரிப். இறங்காதபடி அந்தத் தகடு தடுக்கிறது. கட்டைவிரலைச் சுற்றிப் போட முடியாது, பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் சுடவேண்டும். முதல் தடவை பிடிக்கிறவர்கள் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான், ஆனால் சட்டப்படி சுத்தம்.

இதோடு ஸ்டாக்கை நீளாமல் சுருங்காமல் பூட்டி, நுனியில் ஃபிளாஷ் சப்ரஸரை எடுத்துவிட்டு மசில் பிரேக் போட்டால் அதை "ஃபீச்சர்லெஸ்" என்பார்கள், மேகசினை வழக்கம்போல் கழற்றி மாட்டலாம். மசில் பிரேக் வாங்கும்போது விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். சுடுகிறவர் பார்வையிலிருந்து சுவாலையைக் குறைக்கிறது, திருப்பிவிடுகிறது என்று அதில் இருந்தால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்.

இன்னொரு வழி, பிஸ்டல் கிரிப்பை வைத்துக்கொண்டு மேகசினை நிலையாக்குவது. ஆக்ஷனை, அதாவது தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதியை, பிரிக்காமல் மேகசின் வெளியே வரக்கூடாது, ஏ.ஆரில் பின்பக்க முளையை இழுத்து மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளந்தால்தான் அது இறங்க வேண்டும்.

கேள்வி (மில்பீட்டஸ்): புல்லட் பட்டன் போதும் என்று சில வருஷம் முன்பு நண்பர் ஒருவர் வாங்கினார். இப்போது செல்லாதாமே?

செல்லாது. இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

1989 ஜனவரி 17 அன்று ஸ்டாக்டனில் கிளீவ்லண்ட் தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஒருவன் ஏகே வகை ரைஃபிளால் சுட்டதில் ஐந்து குழந்தைகள் செத்துப்போனார்கள், கம்போடியா, வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அதே வருஷம் ராபர்ட்டி-ரூஸ் சட்டம் வந்தது, அமெரிக்காவிலேயே இந்த வகையில் முதல் மாநிலச் சட்டம். அது பெயர்ப் பட்டியல் போட்டது. உடனே கம்பெனிகள் பெயரை மாற்றி அதே துப்பாக்கியை விற்றன. 1999இல் போட்ட சட்டம் உறுப்புகளைப் பார்க்க ஆரம்பித்தது, 2000 ஜனவரி 1 முதல் அமல். அதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். கருவி இருந்தால்தான் மேகசின் கழலும் என்றால் அது கழற்றும் மேகசின் ஆகாது, தோட்டாவின் நுனியும் ஒரு கருவிதான் என்று விதி சொன்னது, ஆகவே தோட்டா நுனியால் அழுத்தும் சின்னப் பொத்தானை வைத்துவிட்டார்கள். அதுதான் புல்லட் பட்டன். 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2016இல் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள்.

பழையதை வைத்திருந்தவர்களுக்கு 2018 ஜூன் 30 வரை பதிவு செய்ய அவகாசம் தந்தார்கள். உங்கள் நண்பர் பதிந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். பதியவில்லை, துப்பாக்கியையும் மாற்றவில்லை என்றால் அவர் இன்றைக்கே ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு கடை கடையாக விசாரிக்கக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி (டேவிஸ்): ஷாட்கன்னுக்கும் இதே விதிகள்தானா? வாத்து வேட்டைக்கு ஒரு செமி ஆட்டோ வாங்க நினைக்கிறேன்.

இல்லை, இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரைஃபிளில் ஒரு உறுப்பு இருந்தாலே மாட்டும். செமி ஆட்டோ ஷாட்கன்னில் இரண்டும் சேர வேண்டும்: மடங்கும் அல்லது நீளும் ஸ்டாக், அதோடு பிஸ்டல் கிரிப்போ கட்டைவிரல் ஓட்டையோ செங்குத்துக் கைப்பிடியோ. பெனெல்லி எம்4ஐப் பிஸ்டல் கிரிப்போடு, நீளாத ஸ்டாக்கில் வாங்கலாம். அதற்கே நீட்டிச் சுருக்கும் ஸ்டாக் போட்டால் அசால்ட் வெப்பன்.

ஆனால் மேகசின் விஷயத்தில் ஷாட்கன்னுக்கு விதி இன்னும் கறார். செமி ஆட்டோ ஷாட்கன்னில் மேகசின் நிலையாக இல்லாவிட்டால் வேறு உறுப்பு எதுவுமே தேவையில்லை, அதுவே அசால்ட் வெப்பன். சைகா-12 மாதிரி பெட்டி மேகசின் மாட்டும் செமி ஆட்டோக்களை இங்கே பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான். வாத்துக்காரர்கள் வைத்திருக்கும் ஷாட்கன்னில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலேயே ஒரு குழாயில் போகும், அது கழலாது, பிரச்சினை இல்லை. சுழல் சிலிண்டர் வைத்த ஷாட்கன் எதுவானாலும், செமி ஆட்டோவாக இல்லாவிட்டாலும், தடை. ஸ்ட்ரீட் ஸ்வீப்பர் என்று ஒன்று இருந்தது, அந்த வகை.

பம்ப் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தள்ளும் ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500 எல்லாம் செமி ஆட்டோவே இல்லை, இந்த உறுப்புக் கணக்கு அவற்றுக்குக் கிடையாது.

வேட்டைக்குப் போகுமுன் இன்னொன்று. வாத்து வலசைப் பறவை, அதற்கு மத்திய அரசின் விதி தனி: ஷாட்கன்னில் மொத்தமே மூன்று தோட்டாதான் கொள்ளலாம். குழாய்க்குள் ஒரு குச்சி போட்டு அடைத்திருப்பார்கள், "பிளக்" என்பார்கள். புதுத் துப்பாக்கியில் அது உள்ளே இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், மூன்றாவது தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும், இரண்டோடு நிற்க வேண்டும். வயலில் வார்டன், அதாவது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி, வந்து செய்யும் முதல் வேலை அதுதான். ஈயக் குண்டும் கூடாது.

கேள்வி (ரோஸ்வில்): என் பையனுக்கு 19 வயது. .22 ரைஃபிள் வாங்கித் தரலாமா, பிஸ்டல் கிரிப் வைத்தது?

மேலே சொன்ன ஆறு உறுப்பு விதி சென்டர்ஃபயருக்குத்தான். .22 ரிம்ஃபயர், அதாவது தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை, அதனால் கிரிப் இருக்கலாம். மேகசின் 10ஐத் தாண்டக் கூடாது. 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்குக் கடையில் செமி ஆட்டோ சென்டர்ஃபயர் ரைஃபிள் விற்கமாட்டார்கள், போலீஸ், ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. .22 வேண்டுமென்றால் பையனையே வேட்டை லைசென்ஸும் பாதுகாப்புச் சான்றிதழும் எடுக்கச் சொல்லி அவன் பெயரிலேயே வாங்கவிடுங்கள். பணம் கட்டிய பிறகு 10 நாள் காத்திருக்க வேண்டும், 2024 ஜூலையிலிருந்து 11 சதவீதம் தனி வரியும் உண்டு.

கேள்வி (சன்னிவேல்): நான் எச்-1பி விசா. ரேஞ்சில் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்கலாமா?

நம் ஆட்கள் அதிகம் கேட்பதும் அதிகம் கோட்டைவிடுவதும் இதில்தான். இது மாநிலச் சட்டம் இல்லை, மத்திய சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. ரேஞ்சில் கையில் வாங்கினால் அதுவும் "வைத்திருப்பது"தான். விலக்குகள் சில உண்டு, நமக்குப் பயன்படுவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கலிஃபோர்னியாவில் வேட்டைப் பாடம் படித்துத் தேர்வானால் லைசென்ஸ் கிடைக்கும். லைசென்ஸ் முடிந்த மறுநாள் விலக்கும் முடிந்தது.

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. அதற்காக அசட்டையாக இருக்காதீர்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்த அதுவே காரணமாகலாம். குடிமகனுக்கு அது ஒரு கிரிமினல் கேஸ், உங்களுக்கு வீடு, வேலை, குழந்தை படிக்கும் பள்ளி எல்லாம் சேர்ந்து போகும். அந்த வாடகை ரைஃபிள் அவ்வளவுக்குப் பெறுமா என்று யோசியுங்கள்.

கேள்வி (டாலஸ்): டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வருகிறேன், கிரீன் கார்டு. என் ஏ.ஆரைக் கொண்டு வரலாமா?

இருப்பது இருக்கிற மாதிரி கொண்டு வரக்கூடாது. வைத்திருந்தாலே ஒரு வருஷம் வரை கவுண்டி ஜெயில், ஃபெலனியாக, அதாவது பெருங்குற்றமாக எடுத்தால் 3 வருஷம் வரை. மாநிலத்துக்குள் கொண்டுவருவது தனிக் குற்றம், அதற்கு 4, 6, 8 வருஷம். ஏ.ஆர். பெயர்ப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயே விற்றுவிடுங்கள். இல்லையென்றால் எல்லை தாண்டும் முன்பே ஃபீச்சர்லெஸ்ஸாக மாற்றுங்கள், வந்து மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். 30 தோட்டா மேகசின்களை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குடிவந்த 60 நாளுக்குள் எல்லாத் துப்பாக்கிகளையும் மாநில நீதித்துறைக்கு (கோர்ட் இல்லை, Department of Justice என்ற அரசுத் துறை) தெரிவிக்க வேண்டும்.

கேள்வி (இர்வைன்): கோர்ட் இதையெல்லாம் அடித்துவிட்டதாகப் படித்தேனே?

சான் டியேகோ மத்திய நீதிபதி 2021இலும் மறுபடி 2023 அக்டோபரிலும் அசால்ட் வெப்பன் தடை செல்லாது என்றார். இரண்டு தடவையும் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. மேகசின் தடையை அதே கோர்ட் 2025 மார்ச்சில் செல்லும் என்றே சொல்லிவிட்டது. மேரிலாந்தின் இதே போன்ற தடையை விசாரிக்க 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதனால் செய்தித் தலைப்பைப் பார்த்துவிட்டு கிரிப்பை மாற்றாதீர்கள்.

கேள்வி (ஃபோல்சம்): என் மனைவியின் அப்பா, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், போன மாதம் தவறிவிட்டார். அவர் அலமாரியில் பதிவு செய்த அசால்ட் வெப்பன் ஒன்று இருக்கிறது. என்ன செய்வது?

வருந்துகிறேன். பதிவு அவரோடு போயிற்று, உங்கள் மனைவி பெயருக்கு மாற்ற முடியாது. கைக்கு வந்ததிலிருந்து 90 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் நீதித்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், சாமானியருக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதற்கான அனுமதி உள்ள டீலரிடம் விற்கலாம், நிரந்தரமாகச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யலாம், மாநிலத்துக்கு வெளியே அனுப்பலாம். விற்பதுதான் சுலபம். பதிவுக் கடிதத்தைத் தேடி எடுத்துவைத்துவிட்டு டீலருக்கு முதலில் போன் செய்யுங்கள், எப்படி எடுத்துவர வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.