வாசகர் கேள்வி–பதில்: நன்னீர்ச் சதுப்பில் உப்பு

கேள்வி: கரையைத் தாண்டிக் கடல் வரவில்லை. ஆனாலும் உள்ளே தள்ளியிருக்கும் நன்னீர்ச் சதுப்பில் கோரையும் சம்பும் காய்கின்றன. உப்பு எந்த வழியாக வருகிறது?

பதில்: ஒரு வழி, வாய்க்கால். ஓதம் (கடலின் நீரேற்றம்) ஏறும்போது கனமான உப்புநீர் அடியோடு ஊர்ந்து வரும். நன்னீர் அதன்மேல் மிதக்கும். மற்றொரு வழி, நிலத்தடி. நன்னீரைவிடக் கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் கனமானது. அதனால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். அந்த உயரத்தில் 10 சென்டிமீட்டர் குறைந்தால், கணக்குப்படி உப்புநீர் 4 மீட்டர் மேலேறும். கடல் உயர்ந்தாலும் சரி, பம்புசெட் உறிஞ்சினாலும் சரி, விளைவு இதுதான்.

கேள்வி: நல்ல மழை பெய்து உப்பைக் கழுவிவிட்டால் சதுப்பு பழையபடி ஆகிவிடாதா?

பதில்: உப்பு போகும், சேதம் போகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால், அங்குள்ள பாக்டீரியாக்கள் சல்பேட்டைக் கொண்டு மட்கைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். மண்ணைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதனால்தான். அது வேருக்கு நஞ்சு. இரும்பையும் அது பிடித்துக்கொள்வதால், இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் நீரில் கலந்து பாசியை வளர்க்கும். எல்லாவற்றையும்விட நாம் அஞ்சவேண்டியது வேர்களின் சாவுக்குத்தான். மட்கு மண்ணைத் தாங்கி நிற்பது வேர்ப்பின்னல். அது அழுகினால் தரை அமுங்கும், நீர் ஆழமாகும், புதுச் செடி ஊன்ற இடமிருக்காது. உவர்ப்பைத் தாங்கும் செடிகள் வந்து சேருமுன்பே சதுப்பு வெறும் நீர்ப்பரப்பாகிவிடும்.

கேள்வி: நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைக் கொண்டு உப்பைக் காட்டும் ஈசி மீட்டரால் அளந்தேன், 700 மைக்ரோசீமென்ஸ்தான் காட்டியது. செடி மட்டும் கருகுகிறதே?

பதில்: மேல்நீரை மட்டும் அளந்திருப்பீர்கள். முதலில் 1,413 மைக்ரோசீமென்ஸ் என்று அளவு தெரிந்த திட்டக்கரைசலில் மீட்டரைச் சரிபாருங்கள். கோடையின் கடைசியில், ஓதம் உச்சத்தில் இருக்கும்போது, மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பிறகு அடிப்பகுதியில் துளையிட்ட பிவிசி குழாயை வேர் மட்டத்தில், சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். குழாயைச் சுற்றிக் களிமண்ணால் அடைக்காவிட்டால் மேல்நீர் வழிந்து கணக்கைக் கெடுக்கும். ஊறும் முதல் நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறுவதை அளந்து பாருங்கள். கடல்நீர் சுமார் 50,000 காட்டும். அதில் பத்தில் ஒரு பங்கு வேரடியில் இருந்தாலே பல நன்னீர்ச் செடிகள் திணறும்.

கேள்வி: கரை எழுப்பித் தண்ணீரை வடித்துவிட்டால் நிலமாவது மிஞ்சுமா?

பதில்: தயவுசெய்து வடிக்காதீர்கள். மண்ணில் சேர்ந்த இரும்பு சல்பைடு காற்றுப்பட்டதும் கந்தக அமிலமாகும். பிஎச் 4-க்கும் கீழே இறங்கலாம். அடுத்த மழையில் அந்த அமிலம் ஓடையில் இறங்கி மீனைக் கொல்லும். கரை எழுப்பினால் வண்டலும் வராது; வண்டல் இல்லாத தரை கடலோடு சேர்ந்து உயராது. பழைய வடிகால்களை அடைத்து, கோடையில் ஆற்றுநீரை உள்ளே விடுங்கள். சதுப்பு பின்வாங்கி வளர, மேட்டுப்பக்கம் சுவரோ சாலையோ இல்லாத வெற்று நிலமும் விட்டுவையுங்கள்.