மாமனாரின் கட்டில் கடைசியில் ஏறட்டும்

கேள்வி: இன்னும் இரண்டு வாரத்தில் வீடு மாறுகிறோம். பேக்கர்ஸ் ஆட்களிடம் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனாலும் பயமாக இருக்கிறது. நாங்கள் முன்கூட்டியே என்னென்ன செய்து வைக்க வேண்டும்? குழந்தைகள் இருவருக்கும் அன்று பள்ளி உண்டு. கணவர் அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறார். மாமனார் மட்டும் தன் அறையில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார், அதனால் முதல் நாளே அவரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு ஆட்களை வைத்து அந்த அறையைக் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கண்ணாடிச் சாமான்கள் பற்றி விவரமாகச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: ஃபிரிட்ஜுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வாஷிங் மெஷினுக்குக் கேட்டிருக்கிறீர்கள். மாமனாருக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்கவில்லை. அவர் விஷயத்தில் முடிவே எடுத்துவிட்டு, அதைக் கணவரின் அரை நாள் விடுப்புக்கும் கண்ணாடிச் சாமான்களுக்கும் நடுவில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். சகோதரி, அந்த வரியை நான் தாண்டிப் போக முடியாது.

ஆள் இல்லாத அறையை பேக்கர்ஸ் எப்படிக் கட்டுவார்கள் என்று சொல்கிறேன். அவர்களுக்குச் சில மணி நேரம்தான் இருக்கும். எது தேவை, எது வேண்டாம், எது எதோடு சேர வேண்டும் என்று யோசிக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. கண்ணில் பட்டதெல்லாம் பெட்டிக்குள் போகும். குப்பைக் கூடையைக் குப்பையோடு சுற்றிக் கொண்டுவந்து இறக்கிய வீடுகள் உண்டு. உங்கள் மாமனாரின் மூக்குக் கண்ணாடி, மாத்திரை அட்டை, மருத்துவச் சீட்டு, பாதி படித்த புத்தகம், செருப்பு எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போய், மேலே ஒட்டு நாடாவும் ஓடிவிடும். அந்தப் பெட்டி புது வீட்டில் எந்த அடுக்கின் அடியில் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்று இரவு மாத்திரை வேண்டும் அவருக்கு.

யாரும் கை வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதை ஒரு தொந்தரவாகத்தான் உங்கள் கடிதம் சொல்கிறது. வயதானவர்கள் தங்கள் அறையைக் கண்ணால் பார்த்துப் புழங்குவதை விடக் கையால் தடவிப் புழங்குவதுதான் அதிகம். இருட்டில் கை நீட்டினால் டார்ச் இருக்க வேண்டும், கண்ணாடி இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். அந்த ஒழுங்கை ஒரே நாளில், அதுவும் அவர் இல்லாத நேரத்தில் கலைக்கப் போகிறீர்கள். இரண்டு நாள் கழித்து, முன்பின் பார்க்காத அறைக்குள் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்து, ‘எல்லாம் உள்ளேதான் இருக்கிறது’ என்று சொல்வீர்கள். எங்கே என்று அவர் கேட்டால்?

இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நான் வீடு மாறியபோது புத்தகங்களுக்கு இருபது பெட்டி தேடித் தேடி வாங்கினேன். அம்மாவின் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பழைய வீட்டில் கட்டிலை விட்டு எழுந்தால் இடது பக்கம் கழிவறை. புது வீட்டில் இடது பக்கம் பீரோ. இரண்டாம் நாள் இரவு விளக்கைப் போடாமல் எழுந்து, வழக்கம்போல் இடது பக்கம் நடந்தார். விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. என் இருபது பெட்டிப் புத்தகமும் ஒரு முனைகூட மடங்காமல் வந்து சேர்ந்திருந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

இனி உங்கள் கணவர். அவர் கடிதத்தில் ஒரே இடத்தில்தான் வருகிறார், அதுவும் அரை நாளோடு. அப்பாவிடம் உட்கார்ந்து பேச வேண்டியது அவர். மருமகள் போய் ‘மாமா, உங்கள் சாமானைக் கட்டலாமா’ என்று கேட்டால் அது வேறு மாதிரிதான் காதில் விழும். இந்த வாரமே ஒரு மாலை அவர் அப்பாவின் அறைக்குப் போகட்டும். அலமாரியை அப்பா திறக்கட்டும், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கட்டும், மகன் கட்டட்டும். எதைத் தூக்கிப் போடலாம் என்று மகன் சொல்லவே கூடாது. ஒரே நாளில் முடியாது, நாலைந்து நாள் ஆகும். ஆகட்டும். பெற்ற அப்பாவின் அறைக்கு நாலைந்து மாலை ஒதுக்க முடியாத அளவுக்கு ஒரு மகனுக்கு என்ன வேலை இருந்துவிடப் போகிறது?

கட்டிய பெட்டியில் மாமனார் கையாலேயே பெயர் எழுதச் சொல்லுங்கள். மேல்பக்கம் எழுதினால் அடுக்கும்போது மறைந்துவிடும், பக்கவாட்டில் எழுத வேண்டும். கண்ணாடி, மாத்திரை, மருத்துவச் சீட்டு, டார்ச், இரண்டு மாற்று உடை, போர்வை இவை லாரியில் ஏறக் கூடாது. ஒரு கைப்பையில் அவரோடே வரட்டும். கலைப்பதற்கு முன் அறையை நாலு மூலையிலிருந்தும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லாரியில் கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். காலையில் ஆட்கள் வந்ததுமே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்: மாமனாரின் கட்டில், மெத்தை, அவருடைய பெட்டிகள் கடைசியில் ஏற வேண்டும். கட்டிலைக் கழற்றும்போது திருகுகளையும் போல்ட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். புது வீட்டில் ஹாலுக்கு முன், சமையலறைக்கு முன், அவர் அறை தயாராக வேண்டும். பழைய வீட்டில் எழுந்தால் எந்தப் பக்கம் கழிவறையோ, இங்கேயும் அதே பக்கம் இருக்கும்படி கட்டிலைப் போடுங்கள். இடம் ஒத்துவராவிட்டால், பகல் வெளிச்சத்தில் அவரை நாலைந்து முறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த வழியில் இரவு விளக்கு ஒன்று எரியட்டும். காலி அட்டைப்பெட்டி ஒன்றுகூட அந்த வழியில் கிடக்கக் கூடாது.

சரி, நீங்கள் கேட்ட சாமான்கள். ஃபிரிட்ஜை ஒரு நாள் முன்பே காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்துப் பனியை உருகவிட்டு உள்ளே ஈரம் போகத் துடையுங்கள். நிமிர்த்திய நிலையிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். அப்படிப் படுக்க வைக்க நேர்ந்தால், நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் என்றால், வாங்கியபோது பின்பக்கம் இருந்து கழற்றிய நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் டிரம் ஆடி அடிபடும். குழாயில் நிற்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், காகிதம் சுற்றி நிறுத்தி அடுக்கினால் உடைவது குறையும். புத்தகம் போன்ற கனமானது சின்னப் பெட்டியில், தலையணை போன்ற லேசானது பெரிய பெட்டியில். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயின்ட், தின்னர் எதுவும் லாரியில் ஏறக் கூடாது. நகை, பணம், பத்திரம், சான்றிதழ் உங்கள் கையில். நீங்களே கட்டிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால் பல நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை, அதனால் கண்ணாடிச் சாமானை அவர்களே கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அரை நாள் விடுப்பு போதாது. ஏற்றும்போது ஒருவர் பழைய வீட்டில் கடைசிவரை நிற்க வேண்டும், பரண், கதவுக்குப் பின்பக்கம், குளியலறை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இறக்கும்போது வாசலில் ஒருவர் சாமான் பட்டியலோடு உட்கார்ந்து பெட்டி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எல்லாம் வந்ததா, உடைந்தது உண்டா என்று பார்த்து, இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிய பிறகுதான் கையெழுத்து. அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தப் பட்டியலை மாமனாரிடம் கொடுங்கள். வாசலில் நிழலாக ஒரு நாற்காலி போட்டு, பேனாவும் கொடுங்கள். ஆட்கள் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொள்ளட்டும். தன் அறையில் எது எங்கே என்று இத்தனை வருடம் நினைவில் வைத்திருப்பவருக்கு அந்த வேலை கடினமாக இருக்காது. உடம்புக்கு முடியவில்லை என்றால், தயாரான தன் அறையில் படுத்துக்கொள்ளட்டும்.

நாத்தனாருக்கு இன்றைக்கே போன் செய்து, அப்பாவை அங்கே அனுப்பவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவரால் முடிந்தால் அன்று காலையில் நேராகப் புது வீட்டுக்கு வந்து, லாரி வருவதற்குள் அப்பாவின் அறையைக் கூட்டித் துடைத்து வைக்கட்டும்.