முதல் நாளே 'அம்மா' வேண்டாமே

கேள்வி: எனக்கு 31 வயது. உடன் வேலை பார்ப்பவரைக் காதலிக்கிறேன். மனைவி இறந்து நான்கு வருடமாக, ஏழு வயது மகளைத் தனியாக வளர்க்கிறார். போன வாரம் 'ஹாய் நான்னா' தெலுங்குப் படத்தைப் பார்த்துவிட்டு அழுது தீர்த்தேன். அவரும் அந்த அப்பா மாதிரியேதான். என்னை மகளிடம் 'புது அம்மா' என்று அறிமுகப்படுத்தப் போகிறாராம். அவளுக்கு என்னைப் பிடிக்குமா? எனக்கு எப்போதும் இரண்டாம் இடம்தானா?
- பெயர் வேண்டாம்

பதில்: நானும் அழுதவள்தான். ஆனாலும் உங்கள் கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. (2023-ல் வந்த படம். இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அப்பாவாக வரும் நானி, அம்மாவின் கதையைச் சொல்லும்போது, மகளான குட்டிப்பெண் மஹி அந்த அம்மாவுக்கு, புதிதாகப் பழக்கமான மிருணாள் தாக்கூரின் முகத்தைத் தானே வைத்துக்கொள்கிறாள். அருமையான இடம். அப்புறம் பார்த்தால், விபத்தில் நினைவு போன பெற்ற தாயே அவர்தான்! வெளியிலிருந்து வருகிற ஒருத்தியை குழந்தை எப்படி ஏற்கும் என்ற சிக்கலிலிருந்து படம் சாமர்த்தியமாக நழுவிவிடுகிறது. சினிமாக் குழந்தைகளே இப்படித்தான், பெரியவர்களுக்கு வேலை வைக்க மாட்டார்கள். 1993-ல் வந்த 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' படத்தில் எட்டு வயதுப் பையனே ரேடியோவுக்கு போன் போட்டு அப்பாவுக்குத் துணை தேடுவான். உங்கள் வீட்டுக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அது உங்கள் மீதான வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை. உங்களைப் பிடித்துப்போனால் அம்மாவை மறந்ததாகிவிடுமோ என்ற பயமாகக்கூட இருக்கலாம்.

இரண்டாம் இடம் பற்றி: ஆமாம், அவளுக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் திட்டம் எல்லாம் ரத்துதான். அது பழகிவிடும். நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. இறந்த மனைவியைப் பற்றி அவர் மகளிடம் பேசுகிறாரா? அந்தப் படத்தில் மஹி வீட்டைவிட்டுக் கிளம்புவதே, அப்பா அம்மாவின் கதையைச் சொல்ல மறுப்பதால்தான். நீங்கள் வந்த பிறகும் சுவரில் அந்த போட்டோ இருக்கட்டும். அவள் "எங்கம்மா இப்படிச் செய்வாங்க" என்று சொன்னால், "அப்படியா, இன்னும் சொல்லு" என்று கேட்க உங்களால் முடியுமா? கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன் இதை யோசியுங்கள். அவரோடும் பேசுங்கள்.

'புது அம்மா' வேண்டவே வேண்டாம். சட்டமே அவ்வளவு அவசரப்படுவதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் பாதுகாவலர் சட்டத்தில், இயற்கைப் பாதுகாவலராக (அதாவது, குழந்தைக்குச் சட்டப்படி பொறுப்பானவராக) சொல்லப்படும் 'தாய்' என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாய் வரமாட்டார். 'அப்பாவின் சிநேகிதி' என்றே போங்கள். ஒரு மணி நேரம் போதும். பெரிய பரிசுப் பொட்டலம் எதுவும் வேண்டாம். அவளுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்குமோ அதில் தோற்றுவிட்டு, இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று அவளே கேட்பாள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.