கியர் இறங்கலன்னா என்ன பண்ணணும்? சின்ன விமானம் ஓட்டுறவங்களுக்கான கேள்வி பதில்

சக்கரம் உள்ள மடங்குற சின்ன விமானங்கள்ல டிரெயினிங் குடுக்குறேன், கியர், அதாவது இறங்குறதுக்கான அந்த சக்கரங்கள் சம்பந்தமா எது வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், கேள்வி குவிஞ்சிருச்சு. ஒண்ணொண்ணா வர்றேன். நான் எது சொன்னாலும் உங்க விமானத்தோட மேனுவல் வேற மாதிரி சொன்னா மேனுவல் சொல்றதுதான் சரி.

செல்வா: அக்கா, பைப்பர் ஆரோல டிரெயினிங் ஆரம்பிச்சிருக்கேன். கியர் லீவரை இறக்கிட்டேன், மூணு பச்சை லைட்ல ஒண்ணு எரியல. முதல்ல எதுல கை வைக்கணும்?

எதுலயும் வைக்காத தம்பி, விமானத்தை ஓட்டு. பவர் குடுத்து மேல ஏறு, டவர்கிட்ட கியர்ல பிரச்சனைன்னு சொல்லி சர்க்யூட்டை (இறங்குறதுக்காக ரன்வேயை சுத்திப் பறக்குற பாதையை) விட்டு வெளிய போய் நல்ல உயரத்துல நேரா பற. அதுக்கப்புறம் லைட்டை பாரு, ஒவ்வொரு சக்கரமும் இறங்கி லாக் ஆனா அதுக்கான பச்சை எரியும். ஆரோல பேனல் லைட் ஆன்ல இருந்தா கியர் லைட்டெல்லாம் மங்கிடும், பகல் வெளிச்சத்துல எரியாத மாதிரியே தெரியும், நெறைய பேர் இதுல பதறிப் போறாங்க. அதை ஆஃப் பண்ணியும் எரியலன்னா பக்கத்துல எரியுற பல்பை உருவி இங்க மாத்திப் போடு, எரிஞ்சா பல்புதான் போயிருக்கு, சக்கரம் பத்திரமா இருக்கு. அடுத்து மாஸ்டர் ஸ்விட்ச் (மொத்த கரண்டுக்கும் அதுதான்), ஆல்டர்னேட்டர் (கரண்ட் தயாரிக்கிறது), சர்க்யூட் பிரேக்கர் (கரண்ட் அதிகமானா தானா வெளிய வர்ற பட்டன்).

பிரேக்கரை சும்மா கண்ணால பாத்தா பத்தாது, விரலால தடவிப் பாரு. 2011 நவம்பர் 1ல போலந்தோட லாட் கம்பெனி போயிங் 767 ஒண்ணு வார்சாவுல 231 பேரோட, சக்கரம் இல்லாம வயித்துல இறங்குச்சு. ஹைட்ராலிக் போனது ஒரு பக்கம், மாற்று வழில கியரை இறக்குற சிஸ்டத்துக்கான பிரேக்கர் வெளிய வந்து கிடந்தது இன்னொரு பக்கம். தரையில விமானத்தை தூக்கி நிறுத்திட்டு பிரேக்கரை உள்ள தள்ளினாங்க, கியர் இறங்கிடுச்சு. யாருக்கும் எதுவும் ஆகல, கேப்டன் பிரமாதமா இறக்கினார், ஆனா அந்த பிரேக்கரை என்னால மறக்கவே முடியாது. ஒரு தடவை உள்ள தள்ளி மறுபடி வெளிய வந்துச்சுன்னா திரும்பத் திரும்ப தள்ளாத, வயர் எரிஞ்சு தீப்பிடிக்கும்.

ரம்யா: எமர்ஜென்சியா கியரை இறக்குறது எல்லா விமானத்துலயும் ஒரே மாதிரியா மேடம்?

இல்லம்மா, அதனாலதான் தரையிலேயே படிச்சு வெச்சிருக்கணும். ஆரோல கியரை மேல பிடிச்சு வெச்சிருக்கிறதே ஹைட்ராலிக் பிரஷர்தான், எமர்ஜென்சி லீவரை அழுத்தினா பிரஷர் போயிடும், சக்கரம் தன் வெயிட்லயே விழும். ஸ்பீடை மேனுவல்ல சொன்ன அளவுக்கு குறைச்சிருக்கணும், இல்லன்னா காத்து தள்ளும், லாக் ஆகாது. அப்பவும் பச்சை வரலன்னா ரட்டர் (வால்ல இருக்கிற திருப்புற பலகை) பெடலை மாத்தி மாத்தி மிதிச்சு விமானத்தை இடம் வலமா ஆட்டிப் பாக்கலாம். செஸ்னா 172 ஆர்ஜி-ல ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கை பம்ப் இருக்கும்.

போனான்ஸான்னு இன்னொரு சின்ன விமானம், அதுல முன் சீட்டுக்குப் பின்னாடி ஒரு கைப்பிடி. லீவரை டவுன்ல வெச்சிட்டு கிட்டத்தட்ட 50 சுத்து சுத்தணும். உடம்பைத் திருப்பி கையை பின்னாடி விட்டு அந்த இடுக்குல சுத்தும்போது தலை தானா குனிஞ்சிடும், நிமிர்ந்து பாத்தா மூக்கு கீழ போயிருக்கும், இல்ல ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். அதனால கொஞ்சம் சுத்து, நிமிர்ந்து பாரு, மறுபடி சுத்து. ஆட்டோபைலட் இருந்தா போட்டுக்கோ. சுத்துறதுக்கு முன்னாடி கியர் மோட்டார் பிரேக்கரை கண்டிப்பா இழுத்துடணும், நடுவுல மோட்டார் ஓடுச்சுன்னா கைப்பிடி சுழன்று கையை ஒடிச்சிடும். இப்படி கஷ்டப்பட்டு இறக்கின கியரை மறுபடி மேல ஏத்திப் பாக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

அருள்: டவர்ல பாத்து கியர் இறங்கிடுச்சுன்னு சொன்னா நம்பலாமா?

இறங்கின மாதிரி தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. லாக் ஆயிருக்கான்னு தரையிலிருந்து யாராலயும் பாக்க முடியாது. லாக் ஆகலன்னே வெச்சிட்டு இறங்குங்க.

கார்த்தி, திருச்சி: 2024 அக்டோபர்ல எங்க ஊர்லேர்ந்து ஷார்ஜா கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஹைட்ராலிக் பிரச்சனையால ரெண்டு மணி நேரத்துக்கு மேல வட்டமடிச்சு இறங்குச்சே, ஊரே மொட்டை மாடில நின்னு பாத்துச்சு. சின்ன விமானமும் அப்படி பெட்ரோலை தீர்க்கணுமா?

அது போயிங் 737, அதுல எரிபொருளை வெளிய கொட்டுற வசதி கிடையாது, கிளம்பின வெயிட்டோட இறங்கவும் கூடாது, அதனால சுத்தி சுத்தி எரிச்சாங்க. உங்க நாலு சீட் விமானத்துக்கு வெயிட் பிரச்சனை பெரும்பாலும் வராது. எரிபொருள் குறைஞ்சா தீப்பிடிக்கிற ஆபத்து குறையும், செக்லிஸ்ட்டை நிதானமா முடிக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். எத்தனை மணிக்கு இறங்கணும்னு முதல்லயே முடிவு பண்ணி பேப்பர்ல எழுதி கண்ணு முன்னாடி வெச்சுக்கோங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, கியர் கோளாறை விட கியரையே பாத்துட்டு இருந்ததுதான் ஆளைக் கொன்னிருக்கு. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவுல போர்ட்லேண்ட் பக்கத்துல யுனைடெட் 173, கியரைப் பத்தி யோசிச்சு வட்டமடிச்சுட்டே இருந்தாங்க, எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் போயிட்டாங்க. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1972 டிசம்பர் 29ல ஈஸ்டர்ன் 401, மூக்கு சக்கரத்தோட பல்ப் ஒண்ணு எரியல, காக்பிட்ல எல்லாரும் அந்த பல்ப் மேலயே கண்ணா இருந்தப்போ ஆட்டோபைலட் உயரத்தை விட்டுடுச்சு, யாரும் கவனிக்கல, ஃபுளோரிடா சதுப்பு நிலத்துல மோதி 101 பேர் செத்தாங்க. சக்கரம் நல்லாத்தான் இறங்கியிருந்துச்சு. என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் இந்த ரெண்டையும் முதல் நாளே சொல்லிடுவேன்.

விக்னேஷ்: எதுவுமே வேலை செய்யல, வயித்துலதான் இறங்கணும். புல்லா ரன்வேயா? இன்ஜினை மேலயே ஆஃப் பண்ணா ப்ரொப்பல்லரை காப்பாத்தலாமா?

ரன்வே. புல்தரை மெத்துன்னு இருக்கும்னு தோணும், ஆனா மண்ணுல குத்தி நின்னா விமானம் குட்டிக்கரணம் போடும், தார்ல வழுக்கிட்டே போய் நிக்கும். தீயணைப்பு வண்டியும் அங்கதான் நிக்கும். இன்ஜினை முன்கூட்டியே அணைக்கவே அணைக்காதீங்க ப்ரோ. ப்ரொப்பல்லர் தரையில அடிச்சா இன்ஜினை பிரிச்சுப் பாக்கணும், செலவுதான், இருக்கட்டும். அதை மிச்சம் பிடிக்கப் போய் ரன்வேக்கு முன்னாடியே விழுந்தா உயிர் போயிடும். அந்த நிமிஷத்துலேர்ந்து விமானம் இன்ஷூரன்ஸ்காரங்களோடதுன்னு நினைச்சுக்கோங்க.

பெல்ட்டை இறுக்கி, முன் சீட்டை பின்னுக்குத் தள்ளி, மேனுவல் சொல்ற அளவுக்கு ஃபிளாப் (இறக்கையோட பின்பக்கம் இறங்குற பலகை) வெச்சு, கதவை லேசா திறந்து வெச்சுக்கோங்க, பாடி நசுங்கினா கதவு மாட்டிக்கும். ரன்வேயை எட்டிடுவோம்னு நிச்சயம் ஆனதும் மிக்ஸ்சர் (இன்ஜினுக்குப் போற எரிபொருள் அளவை மாத்துற லீவர்), எரிபொருள் வால்வு, மாஸ்டர் எல்லாம் ஆஃப். ஃபிளாப் கரண்ட்ல ஓடுறதா இருந்தா அதை முதல்ல போட்டுட்டுதான் மாஸ்டர். முடிஞ்ச அளவுக்கு மெதுவா, இறக்கை சமமா, நேரா தொடுங்க.

அதே விக்னேஷ்: ஒரு பக்க சக்கரம் மட்டும் வரலன்னா?

மத்ததையும் உள்ள இழுக்க முடிஞ்சா, மேனுவலும் அனுமதிச்சா, மொத்தமா வயித்துல இறங்குறது மேல். முடியலன்னா நல்ல சக்கரம் இருக்கிற பக்கமா ரன்வே ஓரத்துல இறங்குங்க, சக்கரம் இல்லாத பக்க இறக்கையை ஏய்லரான்ல (இறக்கை நுனியில இருக்கிற, விமானத்தை சாய்க்கிற பலகை) எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியுமோ பிடிங்க, சாஞ்சதும் அந்தப் பக்கம் திரும்பும், அதுக்கு ரன்வேல இடம் இருக்கும். மூக்கு சக்கரம் மட்டும் இல்லன்னா இதைவிட ஈஸி, மூக்கை கடைசி வரை தூக்கி வெச்சுக்கோங்க, பிரேக் வேண்டாம்.

சாந்தி: என் பொண்ணு பைலட் கோர்ஸ் சேந்திருக்கா. இதையெல்லாம் படிச்சா வயித்த கலக்குதும்மா.

பயப்படாதீங்கக்கா. 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல நியூகாஸில்ல ஒரு பீச்கிராஃப்ட் கிங் ஏர், கியர் பிரச்சனைன்னு மூணு மணி நேரம் கிட்ட சுத்திட்டு வயித்துல இறங்குச்சு. உள்ள இருந்த மூணு பேரும் தானா நடந்து வெளிய வந்தாங்க. சின்ன விமானத்துல முறையா இறக்கினா பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

ஹரி: எல்லாம் வேலை செய்யுது, மறந்து போய் கியரே போடாம இறங்குறதை எப்படி தடுக்கிறது அக்கா?

நல்லா கேட்ட. வயித்துல இறங்குற நெறைய விமானத்துல கோளாறே கிடையாது. டவர் நடுவுல எதையாவது கேக்கும், கவனம் சிதறும், கியர் விட்டுப்போயிடும். டவுன்விண்ட்ல (ரன்வேக்கு இணையா எதிர்த் திசையில பறக்கும்போது) ஒரு தடவை, பேஸ்ல (ரன்வே பக்கம் திரும்பும்போது) ஒரு தடவை, ஃபைனல்ல (ரன்வேக்கு நேரா வரும்போது) ஒரு தடவை, மூணு பச்சைன்னு விரலை நீட்டி வாய்விட்டு சொல்லு, தனியா பறந்தாலும் சொல்லு. வார்னிங் ஹார்ன் அடிச்சா பழக்கதோஷத்துல அமுக்கிடாத. இறங்கி ஓடும்போது ஃபிளாப்பை ஏத்துறேன்னு கியர் லீவரை தூக்கினவங்களும் உண்டு, ரன்வேயை விட்டு வெளிய வந்து நின்ன பிறகு எதையும் தொடு. அப்படியும் மறந்து ப்ரொப்பல்லர் தரையில உரசற சத்தம் கேட்டா பவர் குடுத்து மறுபடி கிளம்பாத, வளைஞ்ச ப்ரொப்பல்லரோட மேல போனா திரும்பி வர முடியாமப் போகலாம். அப்படியே வழுக்கி நிக்க விடு.