சாக்லேட் சாப்பிட்டால் காதல் ஆசை கூடுமா?

ஆசையைத் தூண்டும் என்று மக்கள் நம்பும் உணவுக்கு, கிரேக்கக் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் பெயரை ஒட்டி ‘அஃப்ரோடிசியாக்’ என்று பெயர். நமக்கு முருங்கைக்காய். இங்கே சிங்கப்பூரில் டுரியானுக்கும் அந்தப் பேர் உண்டு: டுரியான் விழுந்தால் சாரோங் உயரும் என்பது மலாய்ச் சொலவடை.

சாக்லேட்டின் பேர் மெக்சிகோவில் தொடங்குகிறது. அஸ்டெக் அரசர் மொக்டெசுமா பெண்களிடம் போகுமுன் பொற்கிண்ணத்தில் கொக்கோ பானம் குடிப்பார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னதாக, ஸ்பானிய வீரர் பெர்னால் டியாஸ் எழுதிவைத்தார். அது நுரை பொங்கும் கசப்புப் பானம். சர்க்கரை சேர்ந்தது ஸ்பானியர்கள் வந்தபிறகுதான். அப்புறம் 1860-களில் ரிச்சர்டு கேட்பரி இதய வடிவப் பெட்டியில் போட்டு விற்றார்.

சரி, உள்ளே ஏதாவது இருக்கிறதா? பினைல்எதிலமீன் என்ற கிளர்ச்சிப் பொருள் கொஞ்சம் உண்டு. மூளைக்குப் போகுமுன்பே உடல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். கொக்கோ வெண்ணெய் நம் உடல் சூட்டிலேயே உருகுவதால் நாக்கில் அந்த வழுவழுப்பு, அது நிஜமான சுகம். மற்றபடி, சிராங்கூன் சாலையில் வாங்கி வரும் மல்லிகைச் சரம் மாதிரிதான்: பூவில் மருந்தில்லை, நினைத்து வாங்கி வந்ததில்தான் மனம் இளகுகிறது.

கறுப்புச் சாக்லேட் என்றால் ‘வேலை செய்யும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கூடுவது காஃபீனும் தியோபுரோமினும் தரும் சுறுசுறுப்பு, ஆசை அல்ல.