தலை நுழையாத ஃப்ராக்கும் துணிக்கு அடியில் விழும் சிக்கும்

கேள்வி: எனக்குத் தண்டையார்பேட்டை. 4 வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன். மாமியாரின் பழைய கால் மெஷின் வீட்டில் சும்மா கிடந்தது. அதைத் துடைத்து எடுத்து, வீடியோ பார்த்து மகளுக்கு ஒரு காட்டன் ஃப்ராக் தைத்தேன். தையல் கோணல்மாணலாக இருந்தாலும் முடித்துவிட்டேன். ஆனால் தலையே நுழையவில்லை. நூல் அடிக்கடி அறுகிறது, துணிக்கு அடியில் கொத்தாகச் சிக்கு விழுகிறது. புது மோட்டார் மெஷின் வாங்க வேண்டுமா? ஆறு மாத கிளாஸில் சேர வேண்டுமா? பிள்ளைகளுக்கு முதலில் எதைத் தைத்துப் பழகலாம்? பொங்கலுக்கு மகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்க ஆசையாக இருக்கிறது.

பதில்: அந்த ஃப்ராக்கைக் கைத்துணி ஆக்கிவிடாதீர்கள், காப்பாற்றிவிடலாம். முதுகுப் பக்கம் கழுத்தின் நடுவிலிருந்து கீழ்நோக்கி 4 இஞ்ச் நேராக வெட்டுங்கள். வெட்டிய இரண்டு ஓரமும் சேர்ந்து கழுத்துக்கு 8 இஞ்ச் கூடுதல் வாய் கிடைக்கும். இப்போது கழுத்துச் சுற்று 13 இஞ்ச்தான் என்றாலும் 21 ஆகிவிடும். 4 வயதுப் பிள்ளையின் தலைச் சுற்று 20 இஞ்சை ஒட்டித்தான் இருக்கும், தாராளமாக நுழையும். ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் ஒரு பட்டி வெட்டி, அந்த வாயை ஒரே கோடாக விரித்துப் பிடித்து, பட்டியை வைத்துத் தைத்து, உள்ளே மடித்து மறுபடி ஒரு தையல் போடுங்கள். வெட்டு முடிகிற முனையில் துணி நூலளவுதான் பிடிபடும். அந்த இடம் வந்ததும் காலை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து தையல் போடுங்கள். அவசரப்பட்டால் முதலில் கிழிவது அந்த முனைதான். மேலே ஒரு பட்டன், அதற்கு நூலில் ஒரு லூப். முடிந்தது.

தலை நுழையாததற்குக் காரணம் உங்கள் தையல் இல்லை, பெரியவர்களின் அளவுக் கணக்கு. நமக்கு மார்பளவைப் பார்த்தால் போதும், தலை எங்கேயும் இடிக்காது. குழந்தையின் உடம்பு வேறு மாதிரி. பிறந்த குழந்தைக்குத் தலைச் சுற்று சுமார் 35 செ.மீ., மார்பு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு வயது வாக்கில் இரண்டும் ஏறக்குறைய 46 செ.மீ. என்று சமத்துக்கு வரும். அதற்குப் பிறகுதான் மார்பு முந்தும். கழுத்து மட்டும் ஒல்லியாகவே இருக்கும். அதனால் பிள்ளைகளின் மேல்சட்டைக்குக் கழுத்தை அளக்கவே வேண்டாம். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். வருகிற அளவோடு 1 இஞ்ச் சேர்த்தால் அதுதான் திறப்பின் அளவு. இவ்வளவு பெரிய கழுத்து தோளில் நழுவும் என்று தோன்றினால் கழுத்தைச் சின்னதாக வைத்து, முதுகிலோ தோளிலோ திறப்பு வையுங்கள்.

கழுத்து வெட்டுவதில் இன்னொரு கணக்கும் உண்டு. சின்னதாக இருக்கிறதே என்று சுற்றிலும் கால் இஞ்ச் ஆழமாக வெட்டினால் சுற்றளவு கால் இஞ்ச் கூடாது, ஒன்றரை இஞ்ச் கூடும். வட்டம் அப்படித்தான். வெட்டிய ஓரத்தைப் பட்டியால் சுற்றி மூடி பைப்பிங் வைத்தால் வெட்டிய அளவே நிற்கும். உள்பட்டி வைத்துத் திருப்பினால் தையலுக்குப் போகிற கால் இஞ்சில் கழுத்து மறுபடி பெரிதாகும். அதனால் முதலில் பேப்பரில் வெட்டி, அந்த ஓட்டையைப் பிள்ளையின் தலையில் மாட்டிப் பாருங்கள். துணியில் கத்தரி வைப்பது அதற்குப் பிறகுதான்.

சரி, முதலில் எதைத் தைப்பது? என்னைக் கேட்டால் எலாஸ்டிக் டவுசர். ஃப்ராக்கில் கழுத்து, கை, சுருக்கு எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும். டவுசரில் துண்டு இரண்டே, வளைவு ஒன்றே. தையல் கோணலாகப் போனாலும் வெளியே தெரியாது. பையனுக்கு நாலு டவுசர் தைத்து முடிக்கும்போது நேர்த்தையலும் வளைவுத் தையலும் பட்டி மடிப்பும் கைக்கு வந்திருக்கும்.

அளவு எடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இப்போது சரியாக இருக்கிற ஒரு டவுசரை ஒரு கால்மேல் இன்னொரு கால் வரும்படி பாதியாக மடித்து, எலாஸ்டிக்கை நன்றாக இழுத்துப் பிடித்து, செய்தித்தாளில் வைத்து ஓரமாக வரையுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தனித்தனியாக வரைந்து, பக்கவாட்டில் ஒட்டிச் சேர்த்துவிட்டால் ஒரு காலுக்கு ஒரே துண்டு, பக்கத் தையலே இல்லை. தையலுக்குச் சுற்றிலும் அரை இஞ்ச், மேலே எலாஸ்டிக் பட்டிக்கு ஒன்றரை இஞ்ச், கீழே மடிக்க 1 இஞ்ச் சேருங்கள். பின்பக்கத்தின் உயரம் முன்பக்கத்தைவிட 1 இஞ்சாவது கூட இருக்க வேண்டும். கடையில் வாங்கும் மலிவான டவுசர்களில் இதைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். பிள்ளை உட்கார்ந்ததும் பின்னால் இறங்கிவிடுவது அதனால்தான். டயப்பர் போடுகிற பிள்ளை என்றால் பின்பக்கம் இன்னும் ஒரு அரை இஞ்ச் தாராளமாக விடுங்கள்.

36 இஞ்ச் அகலத் துணியில் அரை மீட்டர் எடுத்தால் ஒன்றரை வயதுப் பையனுக்கு ஒரு அரை டவுசர் வந்துவிடும். முதலில் ஒவ்வொரு காலின் உள்தொடைத் தையலைப் போடுங்கள். அப்புறம் ஒரு காலை நல்ல பக்கம் திருப்பி, திருப்பாத இன்னொரு காலுக்குள் நுழைத்து, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதே கோட்டின்மேல் இரண்டாவது தையலும் வேண்டும். பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்காரும்போது பிய்கிற இடம் அதுதான். எலாஸ்டிக் முக்கால் இஞ்ச் அகலம் போதும். இடுப்பு அளவில் 2 இஞ்ச் குறைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைக்க 1 இஞ்ச் சேர்த்து வெட்டுங்கள். 20 இஞ்ச் இடுப்புக்கு 19 இஞ்ச் துண்டு. இதற்குமேல் இறுக்கினால் சாயங்காலம் வயிற்றில் சிவப்புத் தடம் தெரியும்.

இனி மெஷின். அடியில் சிக்கு விழுந்தால் எல்லாரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள், ஆனால் தவறு பெரும்பாலும் மேல் நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடிக்கொள்ளும். அந்த நிலையில் நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே போகாமல் மேலாகவே கிடக்கும். பிடிமானம் இல்லாத மேல் நூலை, அடியில் பாபினைத் தாங்கியிருக்கும் ஷட்டில் இஷ்டத்துக்குக் கீழே இழுத்துக் கொத்தாக்கிவிடும். எனவே பாதத்தைத் தூக்கி வைத்துத்தான் நூல் கோக்க வேண்டும். தைக்கத் தொடங்கும்போது மேல் நூல், அடி நூல் இரண்டின் நுனியையும் 3, 4 இஞ்ச் விட்டுப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கு இதிலேயே தீரும்.

நூல் அறுவதற்கு முதல் சந்தேகம் ஊசிமேல் வர வேண்டும். மாமியார் காலத்து ஊசியே இன்னும் இருக்கிறது என்றால் உடனே மாற்றுங்கள். பாப்ளின் மாதிரி துணிக்கு 14 நம்பர், மெல்லிய மல் துணிக்கு 11. ஊசியில் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும், நூல் அந்தப் பள்ளத்துப் பக்கமிருந்துதான் உள்ளே நுழைய வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தால் என்ன செய்தாலும் தையல் விழாது. அடுத்து நூல். பழைய டப்பாவில் கிடக்கும் பருத்தி நூல் நாளாக ஆக இற்றுப்போகும். கையால் இழுத்ததும் பட்டென்று அறுந்தால் அது மெஷினுக்கு ஆகாது. மூன்றாவது, உங்கள் கால். மிதிக்கும்போது சக்கரம் பின்பக்கமாக ஓடினால் நூல் அறுந்தே தீரும். மேல் சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கிச் சுழற்றிவிட்டு அதன் பிறகு மிதியுங்கள். கோடு போட்ட நோட்டுத் தாளில், நூலே கோக்காமல், கோட்டின்மேலேயே ஓட்டிப் பழகுவது பழைய முறை. அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. தாளைக் குத்திய ஊசி மழுங்கும், பயிற்சிக்குப் பழைய ஊசியே போதும்.

எண்ணெய்க்குக் கடையில் மெஷின் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி இறுகிக்கொள்ளும். பாதத்துக்கு அடியிலுள்ள தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் அடைந்திருக்கும் பஞ்சை ஒரு பழைய பிரஷ்ஷால் எடுங்கள். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை எல்லாம் கடல் காற்று அடிக்கிற இடம், இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தைத்து முடித்ததும் ஊசியையும் பாதத்தையும் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து, மூடி போட்டு வையுங்கள்.

மோட்டார் இப்போது வேண்டாம். கால் மெஷினில் ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போகலாம், வளைவு பழகுகிறவருக்கு அந்த நிதானம்தான் வேண்டும். ஆனால் ஒன்றரை வயதுப் பையன் இருக்கிற வீட்டில் அதன் சக்கரமும் பெல்ட்டும் ஆபத்து. எழுந்து போகும்போதெல்லாம் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவ விட்டுவிடுங்கள், பிறகு மிதித்தாலும் மேல் சக்கரம் சுற்றாது, ஊசியும் இறங்காது. கீழ்ச் சக்கரம் மட்டும் அப்போதும் சுற்றும், அதில் விரல் விட்டுவிடாமல் கவனம் வேண்டும். குண்டூசிக்குப் பதில் கிளிப்பு வைத்துத் துணியைப் பிடித்தால் தரையில் ஊசி தேடுகிற வேலை இருக்காது.

கிளாஸ் பற்றி. பிளவுஸ் தைக்க வேண்டும் என்றால் போங்கள், அதை எதிரில் ஒருவர் காட்டித்தர வேண்டும். பிள்ளைகளின் துணிக்கு அவசியமில்லை. பின்னாளில் தொழிலாகச் செய்கிற எண்ணம் இருந்தால் ஐ.டி.ஐ.களில் ‘சூயிங் டெக்னாலஜி’ என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. சான்றிதழோடு வெளியே வரலாம். இன்னொன்று, காசு மிச்சமாகும் என்ற கணக்கில் மட்டும் இறங்காதீர்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பிள்ளைகளுக்கு ரெடிமேட் விற்கிற விலைக்கு நீங்கள் துணி, நூல், எலாஸ்டிக் வாங்கித் தைப்பது பல நேரம் கட்டுப்படியாகாது. அளவு சரியாக இருக்கும், துணி சுத்தப் பருத்தியாக இருக்கும், தையல் விட்டுப்போகாது. லாபம் இவ்வளவுதான்.

துணியும் முதலில் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய லுங்கி ஒன்றில் இற்றுப்போன நடுப்பகுதியை ஒதுக்கினாலும் இரண்டு மூன்று டவுசருக்குத் துணி தேறும். பல தடவை துவைத்தது, இனிச் சுருங்காது. நம் ஊர் வேர்க்குரு சீசனுக்கு அதைவிட மெத்தென்ற துணி கிடைக்காது. புதிதாக வாங்கினால் இராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். ‘பியூர் காட்டன்’ என்று கடைக்காரர் சொல்வதில் சந்தேகம் இருந்தால் இரண்டு இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பனியன் துணி பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், இழுபடும். அதற்கு வேறு ஊசி, வேறு பழக்கம்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பட்டன், மணி, ஜிகினா வேண்டாம். பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கழுத்தில் கட்டுகிற கயிறும் வேண்டாம், சறுக்கு மரத்திலோ கதவுக் கொக்கியிலோ மாட்டினால் இறுக்கிவிடும். ஐரோப்பாவின் ‘இ.என். 14682’ தரநெறி 7 வயது வரையிலான பிள்ளைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் நாடாவே கூடாது என்கிறது.

பட்டுப்பாவாடைக்கு வருவோம். பாவாடை தைத்துவிடலாம். சட்டையை இந்தப் பொங்கலுக்கு டெய்லரிடம் கொடுங்கள். பாவாடை என்பது இடுப்பைப் போல இரண்டரை மடங்கு அகலமுள்ள ஒரு செவ்வகம்தான். ஆனால் 4 வயதில் வயிறுதான் முன்னால் நிற்கும், இடுப்பு என்று ஒன்று இருக்காது. வெறும் நாடா வைத்தால் வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். மெல்லிய காட்டனில் கையில்லாத மேல்பகுதியாக ஒரு பாடி தைத்து, அதோடு பாவாடையைச் சேர்த்துவிடுங்கள். பாடிக்கும் அதே தலைக் கணக்குதான், முதுகில் திறப்பு. பிள்ளைகள் இந்த வயதில் ஆண்டுக்குச் சுமார் 6 செ.மீ. வளர்வார்கள். உள்பக்கமாக 1 இஞ்ச் ஆழத்தில் ஒரு டக், அதாவது மடிப்புத் தையல், பிடித்தால் அதற்கு 2 இஞ்ச் துணி போகும், அடுத்த பொங்கலுக்குப் பிரித்துவிட்டால் அந்த 2 இஞ்ச் நீளம் திரும்பக் கிடைக்கும். டக்கைப் பெரிய தையலாகப் போடுங்கள், பிரிக்கச் சுலபம். பட்டில் ஊசி குத்திய ஓட்டை மறையாது, அதனால் டக்கைக் கரைக்குச் சற்று மேலேயே வையுங்கள். பட்டில் கை வைக்கும் முன்பு அதே அளவில் ஒரு பழைய காட்டன் புடவைத் துண்டில் முழுப் பாவாடையையும் ஒரு முறை தைத்து, பாப்பாவுக்குப் போட்டு நடக்கவிட்டுப் பாருங்கள். நீளத்தை அப்போது திருத்திக்கொள்ளலாம்.